லாஸ் பானோஸ் நெல்லும் சித்தப்பாவின் கடனும்

கேட்டவர் வெள்ளவத்தைக்காரர். அவர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "நான் நாட்டரிசி, கடையில் 'நாடு' என்று விற்கும் சாதாரண வகை, கிலோ 230 ரூபாய்க்கு வாங்குகிறேன். கிளிநொச்சியில் என் சித்தப்பா மூன்று ஏக்கர் நெல் செய்கிறார், வருடா வருடம் கடன்தான் மிச்சம். பிலிப்பைன்ஸில் அறுபது வருடத்துக்கு மேலாகச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நடக்கிறதாம். அதனால் யாருக்கு என்ன கிடைத்தது? எங்களுடைய பழைய நெல்லையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? சித்தப்பாவுக்கு என்ன செய்யலாம்?" விளைச்சல் கூடியதா என்று அவர் கேட்கவில்லை. அது கூடியது அவருக்கும் தெரியும். கூடிய விளைச்சல் எந்தப் பக்கம் போனது என்பதுதான் கேள்வி. நல்ல கேள்வி. நான் வேலையில் இருந்த காலத்தில் வயல் வரம்பில் நின்று இதையே பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், சிலர் கொஞ்சம் காரமாகவே.

என்னைப் பற்றி ஒரு வரி. பேராதனையில் விவசாயம் படித்து, இருபத்தாறு வருடம் நெல்லோடு வேலை செய்தேன். பெரும்பகுதி கிழக்கில், கடைசிச் சில வருடம் வன்னியில். இப்போது கொட்டாஞ்சேனையில் மகளுடன் இருக்கிறேன், அரிசியை நானும் கடையில்தான் வாங்குகிறேன். இனங்கள், பூச்சி, தண்ணீர் பற்றி நான் சொல்வதை நம்பலாம். சந்தை பற்றிச் சொல்வதை, கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு வயல்காரனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். பொருளியல் நான் படித்ததில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுவோம். ஆராய்ச்சி என்றால் அங்கே கண்டுபிடித்து இங்கே அனுப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், எங்கள் வட்டாரத்தில் 'இர்ரி' என்போம், 1960இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் தொடங்கியது. ஃபோர்ட், ராக்ஃபெல்லர் என்ற இரண்டு அமெரிக்க அறக்கட்டளைகள் பணம் போட்டன, பிலிப்பைன்ஸ் அரசு நிலம் கொடுத்தது. ஆனால் எங்கள் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு முன்பே, 1952இலேயே தொடங்கிவிட்டது. குருணாகல் பக்கம் போனவர்கள் இப்பாகமுவை தாண்டும்போது பார்த்திருப்பீர்கள். அங்கே 1950களின் கடைசியில் எச்-4 என்ற சிவப்பு நெல் வெளியானது. அதன் ஒரு பெற்றோர் இந்தோனேசியாவின் 'மாஸ்', மற்றது எங்களுடைய முருங்கைக்காயன். பெயரைக் கேட்டாலே யாருடைய நெல் என்று தெரிகிறது அல்லவா? அந்த எச்-4 பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாடு முழுக்கப் பரவியது. அதற்கு இர்ரி தேவைப்படவில்லை.

இர்ரி செய்தது வேறு. பழைய நெல் எல்லாம் உயரமானவை, ஆள் மட்டத்துக்கு வளரும். உரம் போட்டால் இன்னும் உயரும், கதிர் கனக்கும், ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்து முளைக்கும். ஆகவே உரம் போடுவதே நட்டம். இந்த முடிச்சை அவிழ்த்தது தாய்வானின் 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்ற குட்டை நெல். அதை இந்தோனேசியாவின் உயரமான 'பேட்டா'வோடு சேர்த்தார்கள். பீட்டர் ஜென்னிங்ஸ் செய்த கலப்பு, ஹென்றி பீச்செல் செய்த தெரிவு. 1966இல் வெளியான ஐ.ஆர்.8 இடுப்பு மட்டத்தில் நின்றது, தண்டு தடித்தது, சாயவில்லை. பழையவை 160, 170 நாள் எடுக்கும் இடத்தில் இது 130 நாளில் முடிந்தது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயி தன் பிள்ளைக்கே ஐ.ஆர். எட்டு என்று பெயர் வைத்தார் என்றால் பாருங்கள். ஆனால் சாப்பிட அது மோசம். குத்தும்போது நொறுங்கும், சோறு ஆறினால் கல்லு மாதிரி. எங்கள் நாட்டில் அது அப்படியே நிலைக்கவில்லை. அதன் குட்டைத் தன்மையை எடுத்துப் பத்தலகொடக்காரர்கள் எங்கள் வாய்க்கு ஏற்ற இனங்களுக்குள் ஏற்றினார்கள். பி.ஜி. வரிசை அப்படி வந்ததுதான்.

சித்தப்பாவிடம் என்ன விதைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு எண் சொல்வார். அந்த எண் வெறும் எண் அல்ல. பி.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.டி. என்றால் அம்பலாந்தோட்டை, எல்.டி. என்றால் லபுதுவ. முன்னால் இருக்கும் எண் வயது. 300 மூன்று மாதம், 352 மூன்றரை மாதம், 403 நாலு மாதம், 250 இரண்டரை மாதம். குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துச் சிறுபோகத்துக்கு எந்த எண் என்று தீர்மானிப்பார்கள். நீங்கள் கடையில் கீரிச்சம்பா என்று வாங்குவதில் பெரும்பகுதி பி.ஜி. 360. மூட்டையில் அந்த எண் இருக்காது. சாகாமம் பக்கத்தில் ஒரு பெரியவர் ஒருமுறை எனக்குச் சொன்னார்: "சேர், நீங்க நம்பர் சொல்லுறீங்க, மில்லுக்காரன் நிறம் கேக்கிறான்." அன்றைக்குச் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த இனங்களால் கிடைத்தது என்ன என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1950களில் நாட்டின் சராசரி ஹெக்டேயருக்கு ஒன்றரைத் தொன் அளவு. இப்போது நல்ல வருடத்தில் நாலரைத் தொன். எங்கள் கணக்கில் ஏக்கருக்கு 30 புசல் (ஒரு புசல் 21 கிலோ அளவு) விளைந்த இடத்தில் 85, 90 புசல். சனத்தொகை இரண்டு மடங்குக்கு மேல் கூடியும், பெரும்பாலான வருடங்களில் எங்கள் சோற்றை நாங்களே விளைவிக்கிறோம். இது முழுவதும் விதையின் வேலை அல்ல. மகாவலித் தண்ணீர், மானிய உரம், உழவு இயந்திரம் எல்லாம் சேர்ந்ததுதான். இதில் விதையின் பங்கு இத்தனை வீதம் என்று யாராவது சுத்தமான எண் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். உரத்தையும் தண்ணீரையும் வாங்கிக்கொள்ளத் தெரிந்த விதை என்பதால், இவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது லேசில்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறது. அது வெளியே தெரியாது, வராமல் போன அழிவு பற்றியது. அறக்கொட்டி என்று கிழக்கில் சொல்வார்கள், புத்தகத்தில் கபிலநிறத் தத்தி. வரம்பில் நின்று பார்த்தால் வயல் பச்சைப் பசேல் என்று இருக்கும். இறங்கி, பயிரை இரண்டு கையாலும் விலக்கி, அடித்தண்டில் தண்ணீர் தொடும் இடத்தைப் பாருங்கள். அரிசி மணியை விடச் சிறிதாக, மண்ணிறத்தில், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து தண்டுக்குப் பின்னால் ஒளியும். பத்து நாள் கவனிக்காமல் விட்டால் வயலின் நடுவே வட்ட வட்டமாகக் கருகும், யாரோ தீ வைத்த மாதிரி. இந்தப் பூச்சி 1970களில் ஆசியா முழுக்க ஐ.ஆர். நெல்லைத் தின்றது. அதற்கு எதிராக நின்ற வலுவான மரபணுக்களில் ஒன்று எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? இலங்கையின் 'ரத்து ஹீனட்டி' என்ற பழைய சிவப்பு நெல்லிலிருந்து. இன்னொன்று 'பாபவீ', அதுவும் எங்களுடையதே. கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 என்ற நெல்லின் எதிர்ப்புச் சக்தியும் எங்கள் இனங்களுக்குள் வந்தது. பத்தலகொடயின் பி.ஜி. 90-2, சர்வதேசப் பரிசோதனை வலையமைப்பு வழியாக ஆபிரிக்காவுக்குப் போய், மாலி நாட்டின் நைஜர் ஆற்றுப் பாசன வயல்களில் ஊன்றிவிட்டது. 1975இல் தொடங்கிய அந்த வலையமைப்பு, என் கருத்தில், இர்ரி செய்ததிலேயே பெரிய வேலை. ஐ.ஆர்.8ஐ விடப் பெரியது. ஒரு நாட்டின் விதைப் பொட்டலம் இன்னொரு நாட்டு வயலில் ஒரு போகம் வளர்ந்து பார்ப்பது, அவ்வளவுதான் அது. கேட்கச் சாதாரணமாக இருக்கும்.

அந்தப் பூச்சிக் கதையில் ஆராய்ச்சியின் பிழையும் இருக்கிறது. அதை மறைத்துப் பதில் எழுதினால் அது பதில் அல்ல. ஆரம்பத்தில் புது நெல்லோடு நாட்காட்டி பார்த்து மருந்தடிக்கும் பழக்கத்தையும் சேர்த்தே பரப்பினார்கள். மருந்து தத்தியை விட வேகமாக அதைத் தின்னும் சிலந்தியைக் கொன்றது. அடிக்க அடிக்கத் தத்தி கூடியது. இதைக் காட்டிய ஆராய்ச்சியும் பிலிப்பைன்ஸ் வயல்களில்தான் நடந்தது. 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது, விளைச்சல் விழுந்துவிடவில்லை. எங்கள் பக்கம் இன்னும் பாடம் முழுதாக ஏறவில்லை. விதைத்து நாற்பது நாளுக்குள் மருந்து அடிக்கும் ஆட்களை நான் ஓய்வு பெறும் வரை பார்த்தேன். கடைக்காரர் கடனுக்குத் தருகிறார், அவரே வைத்தியரும் ஆகிவிடுகிறார்.

சரி, எங்கள் நெல்லை அள்ளிக்கொண்டு போனார்களா? கொண்டுபோனார்கள், உண்மை. லாஸ் பானோஸ் விதை வங்கியில் 1,30,000க்கும் அதிகமான மாதிரிகள் குளிரில் இருக்கின்றன, எங்களுடையவையும் அதில் உண்டு. ஆனால் "பறித்துவிட்டார்கள்" என்ற சொல் பொருந்தாது. எங்கள் மாதிரிகள் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள எங்கள் சொந்த விதை வங்கியிலும் இருக்கின்றன. சர்வதேச ஒப்பந்தப்படி அந்த வங்கி அவற்றின் சொந்தக்காரர் அல்ல, காவல்காரர். ஆராய்ச்சிக்கென்று கேட்டால் யாருக்கும் சிறிய பொட்டலம் தரவேண்டும். கம்போடியாவில் பொல் பொட் காலத்தில் விதைநெல்லையே தின்னும் நிலை வந்து பல பழைய இனங்கள் அழிந்தன. முன்பே சேகரித்து வைத்திருந்ததால் 1980களில் நூற்றுக்கணக்கான இனங்களை அந்த நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. சண்டைக் காலத்தில் வன்னியில் எத்தனை வீட்டு விதைக்குதிர் போனது என்று நினைத்தால், இப்படி ஒரு களஞ்சியம் எங்கோ இருப்பது எனக்குக் கோபத்தை விட ஆறுதலையே தருகிறது. நியாயமான கோபம் இருக்கவேண்டிய இடம் வேறு. ஒப்பந்தம், வாங்கிய விதைக்கு "வாங்கிய வடிவிலேயே" யாரும் தனியுரிமை கோரக்கூடாது என்கிறது. அந்த "வடிவிலேயே" என்ற சொல்லுக்குள் லொறி போகும் அளவு ஓட்டை இருக்கிறது. ரத்து ஹீனட்டியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய வீட்டுக்கு அதிலிருந்து ஒரு சதமும் வரவில்லை.

இப்போது கூடிய நெல் எங்கே போனது என்பதற்கு வருவோம். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசு வைத்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபாய். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120. ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும், ஆகவே 180 ரூபாய் நெல்லுக்கே போகிறது. மிச்சம் 50 ரூபாயில் அவித்தல், காயவைத்தல், குத்துதல், லொறி, புறக்கோட்டை மொத்தக் கடை, உங்கள் தெருக்கடை. தவிடும் உமியும் ஆலைக்காரருக்குத் தனி வரவு. காகிதத்தில் பார்த்தால் யாரும் கொள்ளையடிக்கவில்லை. வயலில் நடப்பது வேறு. அந்த 120 ரூபாய், ஈரம் 14 வீதத்துக்குக் காய்ந்த, சுத்தமான நெல்லுக்கு. வெட்டு மெஷினிலிருந்து இறங்கும் நெல் அதை விட எவ்வளவோ ஈரம். காயப்போடத் தளம் இல்லை, மழை கறுக்கிறது, வங்கியில் மனைவியின் சங்கிலி அடகில் இருக்கிறது, மெஷின்காரருக்கு அன்றைக்கே காசு கொடுக்கவேண்டும். ஆகவே வயலடியிலேயே, வந்த லொறிக்கு, வந்த விலைக்கு. எல்லாரும் ஒரே இரண்டு மூன்று கிழமையில் விற்கிறார்கள்.

சித்தப்பாவின் மூன்று ஏக்கரில் ஏக்கருக்கு 90 புசல், புசலுக்கு 21 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,670 கிலோ. ஆராய்ச்சிக்காரர்கள் பாடுபட்டு விளைச்சலை ஐந்து வீதம் கூட்டும் புது இனம் ஒன்றைத் தந்தால், உத்தரவாத விலையில் அவருக்கு 34,000 ரூபாய் கூடும். ஆனால் ஈரநெல்லை அவசரத்தில் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்து விற்றால், அதே வயலில் 1,13,000 ரூபாய் போய்விடும். மூன்று இனத்தின் ஆராய்ச்சிப் பலனை ஒரு பின்னேரம் தின்றுவிடுகிறது. விதையின் எண் எதுவானாலும் விலையைத் தீர்மானிப்பது வாங்குகிறவன்தான்: நிறம் பற்றிப் பேசிய அந்தப் பெரியவர் இதைத்தான் சொன்னார்.

அப்போ பலன் யாருக்கு? பெரும்பாலும் அரிசி வாங்குகிறவருக்கு. உலகச் சந்தையில் 1970களின் நடுவிலிருந்து 2000 வரை, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், அரிசி விலை இறங்கிக்கொண்டே வந்தது. நெல் கூடியதால் வந்த இறக்கம்தான் அது. ஏழைக்கு அது பெரிய விஷயம், சம்பளத்தில் பாதி சோற்றுக்குப் போகும் வீட்டைக் கேளுங்கள். காணியில்லாத கூலிக்காரரும், ஒரு ஏக்கரோடு வாங்கியும் சாப்பிடுகிற சிறு விவசாயியும் அந்த வரிசையில் அடக்கம். முதலில் புது விதையைப் பிடித்த விவசாயிகளும் நன்றாகச் சம்பாதித்தார்கள். பக்கத்து வயல்காரனும் அதையே போட்டதும் விலை இறங்கி, அந்த இலாபம் கரைந்தது. கொழும்பில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் 230 ரூபாய் கசக்கிறது. ஆனால் விளைச்சல் கூடாமல் இருந்திருந்தால் என்ன விலை என்பதை 2022இல் கொஞ்சம் ருசி பார்த்தோம். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். உரத்தை நம்பி வளர்த்த இனங்கள் அந்தப் பெரும்போகம் மஞ்சளாகி நின்றன. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். டொலர் இல்லாததும் சேர்ந்துதான் அந்த எண், நெல் மட்டும் காரணம் அல்ல. இயற்கை உரம் கூடாது என்பதல்ல என் வாதம். அதற்கு வருடக்கணக்கில் மண்ணைத் தயாராக்கவேண்டும், வர்த்தமானி அறிவித்தலால் மண் மாறாது.

வெள்ளமும் உப்பும் பற்றியும் கேட்பீர்கள். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நெல்லிலிருந்து எடுத்த, நீரில் மூழ்கினாலும் தாங்கும் மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். அது ஏறிய சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வந்தது. இரண்டு கிழமை மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் தளிர்விடும். 2024 நவம்பர் கடைசியில் அம்பாறை, மட்டக்களப்பு வயல்கள் மூழ்கியபோது இந்த நினைப்புத்தான் எனக்கு. ஆனால் இளம்பயிருக்குத்தான் அந்தத் தாங்குதிறன், பூத்தபிறகு மூழ்கினால் எந்த மரபணுவும் காப்பாற்றாது. உப்புக்கு, கேரளத்துப் பொக்காளி வழிவந்த ஏ.டி. 354 எங்களிடமே இருக்கிறது. யாழ்ப்பாணக் கரையோரத்தில் உறவினர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சந்தேகமானவையும் இரண்டு உண்டு. விற்றமின் ஏ சேர்த்த பொன்னரிசிக்குப் பிலிப்பைன்ஸ் 2021இல் அனுமதி கொடுத்தது, 2024இல் அங்கே ஒரு நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. இருபது வருடப் பேச்சுக்கு இன்னும் தட்டில் பெரிதாக ஒன்றும் விழவில்லை. மறுபக்கம், பழைய நெல் நீரிழிவை மாற்றும் என்று இங்கே இரட்டை, மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். சிவப்புத் தவிட்டில் நல்ல சத்து உண்டு, அது நிச்சயம். நோயை மாற்றும் என்பது நிச்சயம் அல்ல. தவிட்டைத் தீட்டி எடுத்துவிட்டால் பச்சைப்பெருமாள் என்ற பழைய நெல்லும் வெறும் மாச்சத்துத்தான். நான் வீட்டில் அதிகம் தீட்டாத ஏ.டி. 362 சிவப்பரிசி சாப்பிடுகிறேன், மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சமைக்கிறாள்.

சித்தப்பாவுக்கு என்ன செய்யலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவர் ஐந்தாறு போகமாக ஒரே வீட்டு விதையைப் போடுகிறார் என்றால், களைநெல் கலந்திருக்கும். கமநல சேவை நிலையத்தில் கேட்டு, சான்றளித்த விதை ஒரு மூட்டையாவது வாங்கி, ஒரு மூலையில் தனியாக வளர்த்து அதையே அடுத்த விதையாக்கட்டும். வெட்டிய நெல்லைக் காயவைக்க நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தளம் போட முடிந்தால், அது எந்தப் புது இனத்தையும் விட இலாபம். தண்ணீரில் மிச்சம் பிடிக்க இர்ரி பரப்பிய ஒரு மலிவான வேலை இருக்கிறது: ஓர் அடி நீளப் பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு வயலில் புதைப்பது. உள்ளே தண்ணீர் மண்மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கும்வரை பாய்ச்சத் தேவையில்லை. பூக்கும் நாட்களில் மட்டும் காயவிடக்கூடாது. தண்ணீர்ச் செலவு கால்வாசிவரை குறையலாம், வயலிலிருந்து வரும் மீதேனும் குறையும். ஆனால் இரணைமடு வாய்க்காலில் முறைத் தண்ணீர் எடுப்பவர் என்றால் இது அவருக்குப் பெரிதாக உதவாது, முறை வரும்போது எடுக்காவிட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாதே. கிணற்றிலிருந்து மோட்டர் போட்டு இறைப்பவர் என்றால் மண்ணெண்ணெய்க் காசு மிஞ்சும். குழாயைப் புதைத்தபின் உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் அள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் பார்த்த வயல்களில் பாதிப் பேர் அதை மறந்துவிட்டு, குழாய் வேலை செய்யவில்லை என்று என்னைத் திட்டினார்கள்.